இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ஆம்

ஒஸ்வல்ட் நடந்து போனதை நான் பார்த்ததே இல்லை. ஓடுவார். மணி அடித்தால் ஓடுவார், அடிக்காவிட்டாலும் ஓடுவார். தேத்தண்ணி குடிக்க ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்து, பாதியைச் சேட்டில் ஊற்றிக்கொண்டு, மீதியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் ஓடுவார். "இந்த மனுஷனுக்கு என்ன, பின்னால் நாய் துரத்துகிறதா?" என்று நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தது நான்தான், ஒளிப்பானேன்.

மாத்தளை டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். நான் கணித ஆசிரியை, பெயர் மீனாம்பிகை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1976இல் முதல் நியமனத்துக்கு இங்கே வந்து, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த மகாலிங்கத்தைக் கட்டி, இங்கேயே வேர்விட்டுவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள்.

ஒஸ்வல்ட் என்னைவிடப் பத்து வயது இளையவர். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டம், அங்கே கொழுந்து பறித்த சவரியம்மாவின் மூத்த மகன். சமூகக் கல்வியும் கத்தோலிக்க சமயமும் படிப்பித்தார். 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் கண்டியில் பத்து நாள் பயிற்சி என்று ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல், ஆலோசனை. அதிபர் சபாரத்தினம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "ஆர் போறது?" என்றார். விடுமுறையைக் கெடுத்துக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? எல்லோரும் ஒரே நேரத்தில் கொப்பி திருத்தத் தொடங்கினோம். ஒஸ்வல்ட் மட்டும் தலையை நிமிர்த்தினார். அவரையே அனுப்பிவிட்டார்கள்.

விடுமுறை முடிந்த அன்று அந்த ஆள் வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கையில் ஒரு கட்டுத் தாள். அறுபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பிள்ளைகள் அடையாளம் போட்டால், கூட்டிப் பார்த்து, இந்தப் பிள்ளை பொறியியலாளர், இந்தப் பிள்ளை தாதி என்று சொல்லிவிடலாமாம். எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கோ எழுதியதை யாரோ தமிழாக்கியிருந்தார்கள்.

"டீச்சர், பதினோராம் வகுப்புல நாப்பத்தி மூணு பேரு. திங்கக்கிழமைக்குள்ள நாப்பத்தி மூணு வாழ்க்கை தெரிஞ்சிரும்!" என்று என் மேசையில் தட்டினார்.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று என் மகள் அருந்ததி. அவள் வாழ்க்கை எனக்கு ஏற்கெனவே தெரியும். டொக்டர். மூன்று வயதிலிருந்தே தெரியும். ஆகவே நான் அந்தத் தாளைப் பற்றிக் கவலைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒஸ்வல்ட் ஸ்டாஃப் ரூமில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதே செய்தி. அவர் முன்னால் தாள்கள் விரிந்து கிடந்தன. நான் எட்டிப் பார்த்தேன். முதல் தாளில் அறுபதுக்கும் ஆம். இரண்டாவதிலும் அப்படியே. 'பனியில் சறுக்கி விளையாட விருப்பமா?' ஆம். 'பாம்புகளை வீட்டில் வளர்க்க விருப்பமா?' ஆம். 'தனியாக இருப்பது பிடிக்குமா?' ஆம். 'எப்போதும் கூட்டத்துடன் இருப்பது பிடிக்குமா?' ஆம், ஆம், ஆம்! ஒரு பிள்ளைகூட ஓரிடத்திலும் இல்லை என்று போடவில்லை என்றார் ஒஸ்வல்ட்.

கணிதக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? பெருக்கினேன். "ஒஸ்வல்ட், இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ஆம்! உங்கட கணக்குப்படி இந்த வகுப்பில ஒவ்வொரு பிள்ளையும் பைலட், தாதி, பாம்பாட்டி எல்லாம்!" என்று சொல்லி வயிறு நோகச் சிரித்தேன். தோட்டத்துப் பிள்ளைகள், பாவம், விளங்காமல் போட்டுவிட்டார்கள் என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டே தாள்களைப் புரட்டினேன். முப்பத்தேழாவது தாள் அருந்ததியுடையது. அதிலும் அறுபது ஆம்.

சிரிப்பு நின்றுவிட்டது.

ஒஸ்வல்ட் வகுப்புக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். மார்கிரட் என்று ஒரு பிள்ளை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டம், முன் வரிசை வாங்கில் இருப்பாள். அவளிடம்தான் கேட்டார், ஏன் எல்லாவற்றுக்கும் ஆம் போட்டாய் என்று.

"கந்தோர்ல இருந்து வர்ற கடுதாசின்னா ஆமான்னுதான் சேர் போடணும்" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "இல்லைன்னு போட்டா பேரை வெட்டிருவாங்க. எங்க தாத்தா ஒருக்கா பதியிற கடுதாசியில எதுக்கோ இல்லைன்னு சொல்லிட்டாராம். அதனாலதான் ரொம்ப நாளா எங்களுக்குப் பிரஜாவுரிமை வரலைன்னு அப்பா சொல்லுவாரு."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. வீட்டில் எல்லோருக்கும் அப்பாவோ அம்மாவோ அதையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் மகளுக்கு நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் ஏன் போட்டாள் என்று நான் கேட்கவும் இல்லை.

அன்று பின்னேரம் ஒஸ்வல்ட் என்னிடம் ஒன்று சொன்னார். "எனக்குப் பதினேழு வயசுல தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா கூப்பிட்டாரு டீச்சர். 'டேய், வாத்தியாரா போறியா?'ன்னாரு. ஆமாங்கன்னேன். 'போலீசுக்குப் போறியா?'ன்னு கேட்டிருந்தாலும் ஆமாங்கன்னுதான் சொல்லியிருப்பேன். 'கெணத்துல குதிக்கிறியா?'ன்னு கேட்டிருந்தாலும்..." என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மூன்றாம் பாடவேளை. பத்தாம் வகுப்புக்கு நான் வட்டத்தின் பரப்பு சொல்லிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வகுப்பிலிருந்து "இல்லை!" என்று ஒரு கூச்சல். கூரைத் தகரம் அதிர்ந்தது. திரும்பவும் "இல்லை!" எட்டிப் பார்த்தால், ஒஸ்வல்ட் மேசைமேல் ஏறி நிற்கிறார்.

"பாம்பு வளக்கப் புடிக்குமா?"

"இல்லை!"

"பத்தலை, என் காதுல விழலை! ஒஸ்வல்ட் சேருக்கு நல்லாப் பாட வருமா?"

"இல்லை, இல்லை!"

பிள்ளைகளுக்கு முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. அப்பேர்ப்பட்ட மார்கிரட் வாங்கில் அடித்து அடித்துக் கத்துகிறாள். அதிபர் சபாரத்தினம், ஏதோ கலவரம் என்று நினைத்து, பிரம்போடு ஓடி வந்தார். ஒஸ்வல்ட் மேசையில் நின்றபடியே, "பாடம்தான் சேர்!" என்றார்.

அந்தத் தாள்களை எல்லாம் அவர் மூட்டை கட்டி வைத்துவிட்டார். அதன்பிறகு ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியே கிடையாது. இடைவேளையில் ஜம்பு மரத்தடியில் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, 'லீவு நாளில் உன்னைக் காணவில்லை என்றால் எங்கே தேடுவார்கள்?' என்று கேட்பார். 'எதுக்கு வீட்டில் ஏச்சு வாங்குகிறாய்?' என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார். அதுதான் கஷ்டமான பகுதி என்று பயிற்சியில் சொன்னார்களாம். ஓடுகிற மனுஷன் சும்மா இருந்து கேட்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை முடிந்தது. பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் சும்மா இருக்கிற காலம் அது. ஒஸ்வல்ட் அந்த நாட்களை விடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நாள் என்று ஒரு ஏற்பாடு செய்தார். முதல் நாள், வீட்டார் நினைக்கிற வேலை. அதைச் செய்கிற ஒருவரோடு காலையிலிருந்து பின்னேரம் வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். அதற்கு 'வீட்டு நாள்' என்று பெயர். இரண்டாவது, 'என் நாள்'. அது பிள்ளை தானே சொல்கிற இடம். வீட்டார் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், ஆனால் எந்த இடம் என்று அன்று பின்னேரம் பிள்ளை வந்து சொல்லும்வரை கேட்கக் கூடாது. இந்த நிபந்தனைக்குப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்க ஒஸ்வல்ட் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். பேக்கரி, தபால் கந்தோர், அச்சகம், ரயில் நிலையம் என்று ஒவ்வொரு இடமாகப் போய்க் கெஞ்சினார். அப்போது கொழும்பில் குண்டு வெடித்து, எங்கு பார்த்தாலும் சோதனைச் சாவடி. தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறவர் என்று இரண்டு தரம் அவரைப் பிடித்து விசாரித்தும் இருக்கிறார்கள். அதிபரின் கடிதத்தைக் காட்டிவிட்டு, விட்டதும் திரும்பவும் ஓடுவார்.

அருந்ததியின் வீட்டு நாள், வேறெங்கே, ஆஸ்பத்திரிதான். வெளிநோயாளர் பிரிவில் ஒரு டொக்டரோடு இருந்துவிட்டு வந்தாள். "எப்பிடியடி இருந்தது?" என்றேன்.

"நல்லா இருந்துச்சும்மா. ஒரு வயசான ஆயா வந்தாங்க, தோட்டத்துல இருந்து. வயித்துக்குள்ள ஆரோ துணி பிழியிற மாதிரி இருக்குன்னாங்க. டொக்டருக்கு விளங்கல்ல. நான் சிங்களத்துல சொன்னேன். அப்புறம் வந்தவங்க எல்லாரும் என்னைத்தான் கூப்பிட்டாங்க. ஒரு அம்மா..." என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. என் பிள்ளை இந்த ஊரில் பிறந்தவள். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு, சிங்களமும் தண்ணீர் மாதிரி வரும். டொக்டரைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது காதில் விழவில்லை. டொக்டர் வேலை பிடித்துவிட்டது என்று சந்தோஷமாகப் படுத்தேன்.

அடுத்த வாரம் அவளுடைய 'என் நாள்'. வெள்ளைச் சீருடையில் விடியவே புறப்பட்டுப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன். ஸ்டாஃப் ரூமில் ஒஸ்வல்டின் கொப்பி மேசையில் கிடந்தது. கேட்கக் கூடாது என்றுதானே நிபந்தனை, பார்க்கக் கூடாது என்று இல்லையே! புரட்டினேன். அருந்ததி, நீதிமன்றம் என்று எழுதியிருந்தது.

நீதிமன்றமா! கள்ளனும் சண்டியனும் நிற்கிற இடத்துக்குப் பதினாறு வயதுப் பெண்பிள்ளையையா? அதுவும் இந்தக் காலத்தில்! குடையைத் தூக்கிக்கொண்டு அதிபரிடம் அரை நாள் லீவு சொல்லி, பஸ் ஏறினேன். எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதமாட்டேன், எங்கள் பக்கம்தான். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் ஒஸ்வல்டுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே சனம் நெருக்கியடித்தது. கடைசி வாங்கில் ஒஸ்வல்ட், பக்கத்தில் என் மகள். அவள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடித்துத் தள்ளிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எழும்பு, போவம்" என்றேன் காதுக்குள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது நீதவானை அல்ல, சட்டத்தரணிகளையும் அல்ல. நீதவானுக்குக் கீழே நின்ற மஹ்ரூப் என்பவரை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அறுபதை நெருங்கின மனிதர். சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வார், தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வார். காலையிலிருந்து அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

அடுத்த வழக்குக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வின்சன்ட் என்று பெயர், தோட்டத் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும். பஸ் நிலையத்துச் சோதனைச் சாவடியில் நிற்கச் சொன்னபோது நிற்காமல் ஓடினார், கடமைக்கு இடைஞ்சல் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த நாட்களில் அப்படியொரு குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதோடு முடியாது. ஏன் ஓடினாய், யாரிடமிருந்து ஓடினாய் என்று அடுத்தடுத்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மஹ்ரூப் நிதானமாகத்தான் சொன்னார். "நிக்கச் சொன்ன நேரம் நிக்காம ஓடினீங்கன்னு முறைப்பாடு வெச்சிருக்காங்க. நீங்க இத..."

"ஆமாங்க ஐயா" என்றார் வின்சன்ட்.

"கேளுங்க. ஏத்துக்கிறீங்களா, இல்ல..."

"ஆமாங்க ஐயா, ஆமாங்க." கை இரண்டையும் மார்பில் கட்டியிருந்தார். தலை குனிந்திருந்தது.

மஹ்ரூப் ஒரு கணம் தயங்கினார். பிறகு, அவர் என்ன செய்வார், சொன்னதைத்தானே சொல்ல வேண்டும், சிங்களத்தில் ஆம் என்று சொன்னார். நீதவான் பேனையை எடுத்தார்.

"இல்லை!"

என் பக்கத்திலிருந்து வந்தது. என் மகள் எழுந்து நிற்கிறாள்! சிங்களத்தில், முழு நீதிமன்றத்துக்கும் கேட்க, "அவர் கேள்வியைக் காதில் வாங்கவேயில்லை! முடிய முன்னமே ஆம் சொல்லிட்டார்! எதைக் கேட்டாலும் ஆம்தான் சொல்லுவார்!" என்கிறாள். பொலிஸ்காரர் ஒருவர் எங்களை நோக்கி வரத் தொடங்கினார். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தால்தானே! ஒஸ்வல்டும் எழுந்து நின்றுவிட்டார்.

நீதவான் ஒரு பெண். கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "நீர் யார்?" என்றார்.

"ஆசிரியர், அம்மணி" என்று ஒஸ்வல்ட் சிங்களத்தில் தொடங்கினார். "மன்னிக்க வேணும். இந்தப் பிள்ளையின் வகுப்பில் நாற்பத்து மூன்று பேரிடம் பனியில் சறுக்கி விளையாட விருப்பமா என்று எழுத்தில் கேட்டேன். நாற்பத்து மூன்று பேரும் ஆம் என்று போட்டார்கள்."

"பனியிலா?"

"ஆம், அம்மணி. மாத்தளையில்."

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு சட்டத்தரணிகள், பிறகு முழு மண்டபமும். வந்துகொண்டிருந்த பொலிஸ்காரரும் நின்று சிரித்தார். நீதவான் சிரிக்கவில்லை, ஆனால் வாயோரம் துடித்ததை நான் கண்டேன். மேசையில் தட்டி அமைதிப்படுத்தி, அருந்ததியிடம், இன்னொரு தரம் வாயைத் திறந்தால் வெளியே அனுப்புவேன் என்று எச்சரித்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு மஹ்ரூப் பக்கம் திரும்பினார்.

"ஏற்றுக்கொள்கிறாரா என்று கேட்க வேண்டாம். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்."

மஹ்ரூப் கேட்டார். வின்சன்ட் முதலில் முழித்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லைப் போலிருக்கிறது. பிறகு மெல்ல ஆரம்பித்து, போகப் போக வேகமெடுத்து, கட்டின கையை அவிழ்த்து நீட்டி, "ரத்தோட்டை பஸ்ஸு கெளம்பிருச்சுங்க ஐயா! அதுதான் கடைசி பஸ்ஸு. சம்சாரத்துக்கு மருந்து வாங்கி இந்தக் கையில வச்சிருந்தேன். விட்டா மேல போக வழியில்லைங்க. ஓடினேன், கம்பியப் புடிச்சிட்டேன், பின்னால இழுத்தாங்க. ஆரு கூப்புட்டாங்க, எப்பக் கூப்புட்டாங்கன்னே தெரியாதுங்க. மருந்துப் போத்தல் ஒடஞ்சிருச்சு" என்றார்.

மஹ்ரூப் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார், கம்மிய குரல் எங்கேயோ போய்விட்டது. நீதவான் அன்று சாவடியில் நின்ற பொலிஸ்காரரிடம், பஸ் ஒன்று புறப்பட்டதா என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். புறப்பட்டது என்றார். குற்றத்தை ஏற்கவில்லை, அதாவது சுத்தவாளி என்று பதிந்து, வின்சன்டைச் சொந்தப் பிணையில் விட்டார்கள். இரண்டு மாதத்தில் வழக்கும் தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்ததும் நான் ஒஸ்வல்டைப் பிடித்துக் கிழித்தேன். பஸ்ஸில் அடுக்கி வைத்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் என் மனதுக்குள் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிருந்தேன். அந்தக் கோபத்தில் பாதி, அதை மறைக்க வந்த கோபம்.

மஹ்ரூப் வெளியே வந்தார். அருந்ததி அவரிடம் ஓடி, "உங்களைப் போல இங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"நான் ஒருத்தன்தான் மகள். நான் வராத நாளைக்கு வழக்கத் தள்ளி வெப்பாங்க. உள்ள இருக்கிறவன் உள்ளதான்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! "அம்மா, எனக்கு இதுதான் வேணும்."

பெறுபேறு வந்தது. எட்டுப் பாடத்துக்கும் டி, அதாவது அதிவிசேட சித்தி. வீட்டில் பாயசம் காய்ச்சினேன். உயர்தர வகுப்புக்கு விண்ணப்பப் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கண்டியில் விஞ்ஞானப் பிரிவுக்கு ரயிலில் போய் வரலாம் என்று நான் எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். 'உயிரியல்' என்று நானே நிரப்பி அவள் முன்னால் வைத்தேன். கீழே பிள்ளையின் ஒப்பமும் பெற்றாரின் ஒப்பமும் வேண்டும். அவள் ஒப்பம் வைக்கவில்லை. தமிழும் சிங்களமும் எடுத்து, கலைப் பிரிவில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறேன் என்றாள். மூன்று நாள் வீட்டில் ஒரே யுத்தம். கெஞ்சினேன், ஏசினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அதிபரிடம் போய், இந்த ஒஸ்வல்டை நிறுத்துங்கோ என்றும் சொன்னேன். அவர், "நீங்களே ஆளோட கதையுங்கோ" என்று வியாழக்கிழமை பின்னேரம் ஒஸ்வல்டை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

முன்னறையில் மகாலிங்கம் வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மனிதர் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. அருந்ததி கதவில் சாய்ந்து நின்றாள். படிவம் மேசையில். ஒஸ்வல்டுக்குத் தேத்தண்ணியை வைத்துவிட்டு நான் கேட்டேன்.

"ஒஸ்வல்ட், எண்பத்து மூண்டுக் கலவரத்தில நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"தோட்டத்துல டீச்சர்."

"நான் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் அக்காவின்ட அறையுக்க ஐஞ்சு நாள் இருந்தனான். மூண்டு வயசு. அழாமல் இருக்க வாயைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தனான். அண்டைக்கு முடிவெடுத்தனான், இவள் டொக்டராக வேணும் எண்டு. டொக்டர் எண்டால் உலகத்தில எங்க போனாலும் கதவு திறக்கும். இவள் கேக்கிற வேலைக்கு இந்த நாட்டை விட்டால் வேற இடமில்லை. இங்கதான் கிடக்கவேணும். திரும்பவும் அப்பிடி ஒண்டு வந்தால்?"

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒஸ்வல்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், அந்தப் பயம் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். வராதுன்னும் சொல்லமாட்டேன்" என்றார்.

அடுத்துப் பேசினது அருந்ததிதான். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போல. "அப்போ நீங்க ஏன்மா போகல்ல? எண்பத்தி மூணுலயே யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கலாமே. மாமா, சித்தி எல்லாரும் அங்கதானே இருந்தாங்க."

"இடமாற்றம் கேட்டனாங்கள். அப்பாவுக்குக் கிடைச்சது. எனக்குக் கிடைக்கேல்லை" என்றேன்.

பதின்மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நீதிமன்றத்தில் நின்ற அதே நிலை, கழுத்து நீண்டு. பொய் சொல்ல முடியவில்லை.

"கிடைச்சது" என்றேன். "ஐப்பசி மாசம் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. நான் கிழிச்சு அடுப்பில போட்டன்."

"ஏன்மா?"

"பதினொரு பிள்ளையள். எல்லாம் தோட்டத்துப் பிள்ளையள். அந்தத் தோட்டங்களில இருந்து சாதாரண தரம் எடுக்கிற முதல் ஆக்கள். டிசம்பரில சோதினை. திரிகோண கணிதம் தொடங்கவே இல்லை. நான் போனால் படிப்பிக்க ஆளில்லை." மேசையில் கிடந்த படிவத்தைத் தள்ளி வைத்தேன். "எனக்குப் போக விருப்பமில்லை, பிள்ளை. பயம்தான், செத்துப்போற பயம். ஆனால் போக விருப்பமில்லை."

பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. மகாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப கடிதம் வந்ததோ?" என்றார்.

"வந்தது."

எனக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதால்தான் அந்த மனிதர் தனக்குக் கிடைத்த இடமாற்றத்தையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். ஒஸ்வல்ட் எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். அருந்ததி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மகாலிங்கம் பேப்பரை மேசையில் வைத்தார்.

"பதினொண்டில எத்தனை பேர் சித்தியடைஞ்சவை?" என்று கேட்டார்.

"ஒன்பது பேர்."

அவர் தலையை ஆட்டினார். மேசையிலிருந்த படிவத்தை இழுத்து, 'உயிரியல்' என்று நான் எழுதியிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'கலை' என்று தன் கச்சேரிக் கையெழுத்தில் அழகாக எழுதி, பெற்றாரின் ஒப்பம் என்ற இடத்தில் ஒப்பம் வைத்து, பேனையை மகளிடம் நீட்டினார்.